பிளஸ் ஒன், பிளஸ் டூ வணிகக் கணிதம்: பொருளியல் ஆனர்ஸுக்குக் குறிவைக்கும் மாணவருக்கு இது போதுமா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். இன்ஜினீயரிங் என்றால் ஃபர்ஸ்ட் குரூப், சி.ஏ. அல்லது பி.காம். என்றால் அக்கவுண்ட்ஸ் குரூப். இடையில் ஒரு பிள்ளை, "எனக்கு எக்கனாமிக்ஸ் படிக்கணும், டெல்லி யுனிவர்சிட்டி மாதிரி இடத்துல" என்று சொன்னால், "அப்போ அக்கவுண்ட்ஸ் குரூப்தான், அதுல எக்கனாமிக்ஸ் பாடமே இருக்கே" என்று பதில் வந்துவிடும். அக்கறையோடு சொல்லப்படும் பதில்தான். ஆனால் போட்டி கடுமையாக உள்ள பொருளியல் படிப்புகள் பிளஸ் டூவில் பொருளியல் படித்தாயா என்று கேட்பதில்லை. கணிதம் படித்தாயா என்றுதான் கேட்கின்றன. எனவே அக்கவுண்ட்ஸ் குரூப்பில் சேரும் பிள்ளைக்கு எல்லாவற்றையும் தீர்மானிப்பது நான்காவது பாடம். அங்கே கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ், வரலாறு போன்றவற்றின் பக்கத்தில் இருக்கும் வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் என்ற பாடம்தான் இங்கே மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட பொருள்.

தமிழ்நாட்டுப் பாடநூல் கழகம் வெளியிடும் புத்தகங்கள் இவை. புதிய பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் புத்தகம் 2018-19 கல்வியாண்டிலும் பிளஸ் டூ புத்தகம் அதற்கு அடுத்த ஆண்டிலும் வந்தன. ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு தொகுதி, பத்து அத்தியாயம். ஆக நான்கு புத்தகம், இருபது அத்தியாயம். பொருளியல் படிக்கப்போகும் மாணவரின் கண்ணோடு பார்த்தால், உள்ளடக்கத்தில் ஃபர்ஸ்ட் குரூப்பின் தூய கணிதப் புத்தகத்தைவிட இதுதான் நெருக்கம். நுழைவுச்சீட்டாக எடுத்துக்கொண்டால் அதைவிட மதிப்புக் குறைவு. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் குரூப்பை முடிவு செய்யக் கூடாது.

முதலில் உள்ளடக்கம். பிளஸ் ஒன் புத்தகத்தின் முதல் அத்தியாயமான அணிகளும் அணிக்கோவைகளும் பகுதியிலேயே உள்ளீடு–வெளியீடு பகுப்பாய்வு வந்துவிடுகிறது. ஒரு தொழில் தன் உற்பத்திக்கு மற்றத் தொழில்களிடமிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதை அணியாக எழுதி, இறுதித் தேவையை நிறைவேற்ற ஒவ்வொரு தொழிலும் மொத்தம் எவ்வளவு உற்பத்தி செய்ய வேண்டும் என்று நேர்மாறு அணி மூலம் கண்டுபிடிக்கும் முறை இது. இதை உருவாக்கிய வாசிலி லியோன்டிஃபுக்கு 1973-இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. ஹாக்கின்ஸ்–சைமன் நிபந்தனையும் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பொருளாதாரம் தன்னைத்தானே தாங்கி நிற்குமா என்று சரிபார்க்கும் நிபந்தனை அது. பதினாறு வயதில் அணிக்கோவையின் மதிப்பு நேர்மமாக இருக்க வேண்டும் என்பதற்குப் பொருளாதாரக் காரணம் தெரிந்துகொள்வது பெரிய முதலீடு. இரண்டு தொழிலுக்கு மட்டும் கணக்குப் போட்டு நிறுத்திவிடுகிறார்கள் என்பது குறை. மூன்று தொழிலுக்கு நீங்களே ஒன்றை உருவாக்கிப் போட்டுப் பாருங்கள். நேர்மாறு அணியைக் கையால் கண்டுபிடிக்கும் பயிற்சியும் கூடவே கிடைக்கும்.

ஆறாவது அத்தியாயம், வகையிடலின் பயன்பாடுகள், இந்த நான்கு புத்தகங்களிலேயே மிகச் சிறந்த பகுதி. இறுதிநிலைச் செலவு, இறுதிநிலை வருவாய், தேவை நெகிழ்ச்சி (விலை மாறினால் தேவை எவ்வளவு மாறும் என்ற அளவு), பெரும–சிறும மதிப்புகள், மிகு ஆதாயக் கோருதல் அளவு (ஒருமுறைக்கு எவ்வளவு சரக்கு வாங்கினால் மொத்தச் செலவு குறையும் என்ற கணக்கு), பிறகு பகுதி வகையிடல், ஆய்லர் தேற்றம், இறுதிநிலை உற்பத்தித் திறன், பகுதி நெகிழ்ச்சி. பொருளியல் பட்டப்படிப்பின் முதலாண்டு நுண்ணியல் பொருளியலுக்குத் தேவையான கருவிகளில் பாதி இந்த ஒரே அத்தியாயத்தில் கிடக்கிறது. ஃபர்ஸ்ட் குரூப் மாணவர் பகுதி வகைக்கெழுவைப் பிளஸ் டூவில்தான் சந்திக்கிறார். அதுவும் உற்பத்திச் சார்போடு சேர்த்து அல்ல, வெறும் கணிதமாக. வணிகக் கணித மாணவருக்கு அது பிளஸ் ஒன்னிலேயே உழைப்பு, மூலதனம் என்ற இரண்டு மாறிகளோடு வருகிறது.

அதனால்தான் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு நேராகப் பிளஸ் டூ பாடத்துக்குத் தாவும் பள்ளிகளில் இந்தப் பாடத்தை எடுப்பது பெரிய நஷ்டம். பொருளியலுக்குப் பயன்படும் வகை நுண்கணிதம் முழுக்கப் பிளஸ் ஒன்னில் இருக்கிறது. பிளஸ் டூ புத்தகம் அதைத் தெரிந்ததாக எடுத்துக்கொண்டு, அணிகள் அத்தியாயம் முடிந்ததும் நேராகத் தொகை நுண்கணிதத்துக்குப் போய்விடுகிறது. பள்ளியில் சேர்க்கும்போது, "பிளஸ் ஒன் போர்ஷன் முழுசா நடத்துவீங்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் வழவழவென்று இருந்தால், ஆறாம் அத்தியாயத்தையும், ஒட்டுறவும் தொடர்புப்போக்கும் (கோரிலேஷன், ரிக்ரெஷன்) உள்ள ஒன்பதாம் அத்தியாயத்தையும், நேரியல் திட்டமிடல் உள்ள பத்தாம் அத்தியாயத்தையும் வீட்டில் படிப்பதற்குத் தனியாக நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

பிளஸ் டூ முதல் தொகுதியில் தொகை நுண்கணிதத்தின் இரண்டாம் பகுதி நுகர்வோர் உபரி, உற்பத்தியாளர் உபரி இரண்டையும் பரப்பாகக் காட்டிக் கணக்கிடச் சொல்கிறது. வாங்குபவர் கொடுக்கத் தயாராக இருந்ததற்கும் உண்மையில் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் முதலாவது; விற்பவர் பெற்றதற்கும் அவர் ஏற்கத் தயாராக இருந்த குறைந்த தொகைக்கும் உள்ள வித்தியாசம் இரண்டாவது. இங்கே புத்தகத்தின் பலமும் பலவீனமும் ஒன்றாகத் தெரியும். ஒரு சாதாரணக் கணக்கை எடுத்துக்கொள்வோம். தேவைச் சார்பு p = 50 − 2x, அளிப்புச் சார்பு p = 10 + 2x. இரண்டையும் சமப்படுத்தினால் x = 10, விலை 30. நுகர்வோர் உபரி: தேவைக் கோட்டின் கீழ் 0 முதல் 10 வரை தொகையிட்டால் 400, கொடுத்த பணம் 300, உபரி 100. உற்பத்தியாளர் உபரியும் அதேபோல 300-இலிருந்து 200 போக 100. புத்தகப் பாணிக் கணக்கு இந்த இடத்தில் முடிந்துவிடும். ஆனால் பொருளியல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு பொருளுக்கு 8 ரூபாய் வரி போட்டால் என்ன ஆகும்? அளிப்புச் சார்பு p = 18 + 2x ஆகிறது. புதிய அளவு 8. வாங்குபவர் கொடுப்பது 34, விற்பவர் கையில் நிற்பது 26. அரசுக்கு வருவது 64. நுகர்வோர் உபரி 64, உற்பத்தியாளர் உபரி 64. மூன்றையும் கூட்டினால் 192. வரிக்கு முன்பு 200 இருந்தது. அந்த 8 யாருக்கும் போகவில்லை. நடக்காமல் போன இரண்டு விற்பனைகளோடு அது மறைந்துவிட்டது. இந்த ஒரு அடியைக் கூடுதலாக எடுத்துவைக்கும் மாணவருக்குக் கல்லூரியின் முதல் செமஸ்டர் பயமுறுத்தாது. ஒவ்வொரு பயன்பாட்டுக் கணக்கையும் போட்டு முடித்த பிறகு ஒரு எண்ணை மாற்றி, "இப்போது யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?" என்று கேட்டுக்கொள்வதுதான் இந்தப் புத்தகத்தைப் படிக்கும் சரியான முறை.

நான்காம் அத்தியாயம் வகைக்கெழுச் சமன்பாடுகள். மாறிலிக் கெழுக்கள் உடைய இரண்டாம் வரிசைச் சமன்பாடுகள் வரை போகிறது. ஃபர்ஸ்ட் குரூப் கணிதம் முதல் வரிசையோடு நின்றுவிடுவதால் இதில் வணிகக் கணிதமே ஒருபடி முன்னால் நிற்கிறது. விலை காலப்போக்கில் சமநிலையை நோக்கிப் போகுமா, அலைபாயுமா என்ற கேள்விக்கெல்லாம் பின்னாளில் இதுதான் கருவி. ஐந்தாவதான எண்ணியல் முறைகள், நியூட்டன், லெக்ராஞ்சி இடைச்செருகல் எல்லாம் மதிப்பெண்ணுக்கு நல்லது. பொருளியலுக்கு அதிகம் பயன்படாது.

இரண்டாம் தொகுதி கிட்டத்தட்ட முழுதும் புள்ளியியல். சமவாய்ப்பு மாறியும் கணித எதிர்பார்ப்பும், ஈருறுப்பு, பாய்சான், இயல்நிலைப் பரவல்கள், கூறெடுப்பு முறைகள், திட்டப்பிழை, கருதுகோள் சோதனை, காலம்சார் தொடர்வரிசை, குறியீட்டெண்கள். பொருளியல் பட்டப்படிப்பில் பலரையும் தடுமாற வைப்பது கணிதத்தைவிடப் புள்ளியியல்தான். கூறெடுப்புப் பரவல் என்றால் என்ன என்று பள்ளியிலேயே ஒருமுறை கேள்விப்பட்டவருக்கும் கல்லூரியில் முதல்முறை கேட்பவருக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. தூய கணிதப் புத்தகத்தில் பரவல்கள் உண்டு. கருதுகோள் சோதனை இல்லை. டெல்லி பல்கலைக்கழகத்தின் 2022 பாடத்திட்டப்படி பி.ஏ. ஆனர்ஸ் பொருளியலின் முதல் செமஸ்டரில் உள்ள மூன்று முக்கியப் பாடங்கள் அறிமுக நுண்ணியல், பொருளியலுக்கான கணித முறைகள், பொருளியலுக்கான புள்ளியியல். மூன்றில் இரண்டு கணக்குப் பாடம். இரண்டாம் செமஸ்டரிலும் அதே கதைதான்: பேரியல் ஒன்று, கணிதம் ஒன்று, புள்ளியியல் ஒன்று.

இனிக் குறைகள். வணிகக் கணிதத்தில் சூத்திரம் வருகிறது, எடுத்துக்காட்டு வருகிறது, பயிற்சி வருகிறது, நிரூபணம் அரிது. ரோல் தேற்றம், லெக்ராஞ்சியின் சராசரி மதிப்புத் தேற்றம், டெய்லர் தொடர் ஆகியவை ஃபர்ஸ்ட் குரூப் பிளஸ் டூ கணிதத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இருக்கின்றன. தனிநிலைக் கணிதம் என்ற பன்னிரண்டாம் அத்தியாயத்தில் கணிதத் தர்க்கமும் இருக்கிறது. கலப்பெண்கள், வெக்டர்கள் இரண்டும் பொருளியலுக்கு உடனடித் தேவை இல்லை; ஆனால் நேரியல் இயற்கணிதம் படிக்கும்போது வெக்டர் தெரிந்தவர் வேகமாக நகர்வார். "இருந்தால், இருந்தால் மட்டுமே" என்ற வகை வாக்கியத்தை நிரூபிக்கச் சொல்லும்போது வணிகக் கணித மாணவர் திணறுவதற்குக் காரணம் அறிவுக் குறைவு அல்ல, பழக்கமின்மை. இதற்கு மருந்து எளிது: நண்பரிடமோ பள்ளி நூலகத்திலோ ஃபர்ஸ்ட் குரூப் பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்தை வாங்கி, கணங்கள் தொடர்புகள் சார்புகள், எல்லைகளும் தொடர்ச்சியும் என்ற இரண்டு அத்தியாயத்தையும், பிளஸ் டூவில் மேலே சொன்ன ஏழாவதையும் பன்னிரண்டாவதையும் படிப்பது. நான்கு அத்தியாயம்தான். பிளஸ் டூ அரையாண்டு விடுமுறைக்குள் முடித்துவிடலாம்.

இன்னொரு குறை புத்தகத்தில் அல்ல, தேர்வு முறையில். பொதுத்தேர்வுத் தாள் 90 மதிப்பெண்: ஒரு மதிப்பெண் கேள்வி 20, இரண்டு மதிப்பெண் 7, மூன்று மதிப்பெண் 7, ஐந்து மதிப்பெண் 7. அதற்கு மூன்று மணி நேரம். படிப்படியாக எழுதினால் வழியிலேயே பாதி மதிப்பெண் வந்துவிடும். டெல்லி போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் க்யூட் (CUET) பொது நுழைவுத்தேர்வில் அந்தச் சலுகை இல்லை. 2025 நடைமுறைப்படி ஒரு பாடத்துக்கு 60 நிமிடத்தில் 50 கேள்வி, எல்லாம் கட்டாயம். சரிக்கு 5, தவறுக்கு 1 கழிவு. ஒரு கேள்விக்கு 72 வினாடி. மூன்றுக்கு மூன்று அணியின் நேர்மாறைப் பொறுமையாகக் கண்டுபிடிக்க அதில் நேரம் கிடையாது. கொடுத்த நான்கு விடைகளில் எது A உடன் பெருக்கினால் அலகு அணி தரும் என்று முதல் நிரையை மட்டும் சரிபார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பொதுத்தேர்வில் நூற்றுக்கு நூறு எடுக்கும் மாணவர்கள் க்யூட் கணிதத்தில் சறுக்குவது பெரும்பாலும் இந்த வேக மாற்றத்தால்தான்.

நுழைவுச்சீட்டு என்ற முறையில் இந்தப் பாடம் எப்படி? இங்கே வாசல் வாசலாகப் பார்க்க வேண்டும்.

ஐஐடி பம்பாய், ஐஐடி கான்பூர் இரண்டிலும் நான்காண்டு பி.எஸ். பொருளியல் இருக்கிறது. அங்கே போகும் வழி ஜே.இ.இ. அட்வான்ஸ்டு. இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் இல்லாமல் அந்த வாசல் திறக்காது. பிலானி பிட்ஸின் எம்.எஸ்சி. பொருளியலுக்கு நுழைவுத்தேர்வு வேறு என்றாலும் இதே மூன்று பாடங்கள் வேண்டும். இந்த இடங்களில் ஏதாவது ஒன்று மனதில் இருந்தால் இந்தக் கட்டுரையை மேற்கொண்டு வாசிக்கவே வேண்டாம். ஃபர்ஸ்ட் குரூப்பிலோ கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பிலோ சேர்ந்துவிடுங்கள். பட்டப்படிப்பு முடித்து இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் எம்.எஸ்.க்யூ.இ. என்ற அளவுசார் பொருளியல் முதுகலைப் படிப்புக்கான தேர்வை எழுத ஆசை உள்ளவர்களும் பிளஸ் டூ கணிதத்தை விட்டுவிடக் கூடாது. அதன் நுழைவுத்தேர்வில் ஒரு தாள் முழுக்கக் கணிதம்.

டெல்லி பல்கலைக்கழகத்தில் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி, இந்துக் கல்லூரி, செயின்ட் ஸ்டீபன்ஸ், லேடி ஸ்ரீராம், ஹன்ஸ்ராஜ் போன்றவற்றின் பி.ஏ. ஆனர்ஸ் பொருளியலுக்கு 2022 முதல் க்யூட் மதிப்பெண்தான் அடிப்படை. ஒரு மொழித் தாள், கணிதம் அல்லது பயன்பாட்டுக் கணிதம், அவற்றோடு துறைப் பாடங்களில் ஏதேனும் இரண்டு. ஒவ்வொன்றும் 250 ஆக மொத்தம் 1000. கணிதம் விருப்பம் அல்ல, கட்டாயம். க்யூட் பட்டியலில் அந்தப் பாடத்தின் எண் 319. பெயர் கணிதம்/பயன்பாட்டுக் கணிதம். வணிகக் கணிதம் என்ற பெயர் அதில் இல்லை. பிளஸ் டூவில் படித்த பாடத்தைத்தான் க்யூட்டிலும் எழுத வேண்டும் என்பது டெல்லி பல்கலைக்கழகத்தின் பொது விதி. ஆகவே உங்கள் மதிப்பெண் பட்டியலில் உள்ள வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் என்ற பாடத்தைக் கணிதத்துக்கு இணையாக எடுத்துக்கொள்வார்களா என்பதை அந்தந்த ஆண்டின் சேர்க்கைக் கையேட்டில் இணைப் பாடங்கள் பற்றிய பகுதியைப் படித்து, பல்கலைக்கழக சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதி, எழுத்துப்பூர்வமான பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பிளஸ் டூ முடியும்போது அல்ல, பிளஸ் ஒன் சேரும் முன்பே செய்ய வேண்டும். கோச்சிங் சென்டரில் சொன்னார்கள், சீனியர் அண்ணன் சேர்ந்தார் என்பதெல்லாம் சான்றிதழ் சரிபார்ப்பில் செல்லாது.

சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் பெரும்பாலான கலைக் கல்லூரிகளின் பி.ஏ. பொருளியலுக்குக் கணிதமே கேட்பதில்லை. அங்கே போட்டியும் வேறு, பாடமும் வேறு. மூன்றாண்டு முடித்து நல்ல இடத்தில் எம்.ஏ. நுழைவுத்தேர்வு எழுதும்போது கணிதம் இல்லாதது முதல்முறையாகக் கடிக்கும். ஆக, உள்ளூர்க் கல்லூரி போதும் என்றாலும் நான்காவது பாடமாக வணிகக் கணிதத்தை எடுப்பது காப்பீடு.

க்யூட் கணிதத் தாளோடு இந்தப் புத்தகத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு நல்ல செய்தி கிடைக்கிறது. தாளில் பிரிவு ஏ எல்லோருக்கும் பொது, 15 கேள்வி. மீதி 35 கேள்விக்குக் கணிதப் பிரிவையோ பயன்பாட்டுக் கணிதப் பிரிவையோ தேர்ந்தெடுக்கலாம். பிரிவு ஏ-யின் தலைப்புகள் அணிகள், வகையிடல், தொகையிடல், வகைக்கெழுச் சமன்பாடு, நிகழ்தகவுப் பரவல், நேரியல் திட்டமிடல். இந்த ஆறும் வணிகக் கணிதத்தில் இருக்கின்றன. ஃபர்ஸ்ட் குரூப் கணிதத்திலோ நேரியல் திட்டமிடல் என்ற அத்தியாயமே கிடையாது. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த ஃபர்ஸ்ட் குரூப் மாணவர்கள் பலர் இது தெரியாமல் தேர்வறைக்குப் போய் எளிதான கேள்விகளை விட்டுவிட்டு வருகிறார்கள். என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் அது சின்ன அத்தியாயம். இரண்டு மாலைப்பொழுது போதும்.

வணிகக் கணித மாணவர் தேர்ந்தெடுக்க வேண்டியது பயன்பாட்டுக் கணிதப் பிரிவைத்தான். கணிதப் பிரிவில் வெக்டரும் முப்பரிமாண வடிவியலும் வரும். அவற்றைப் புதிதாகப் படிப்பதைவிட, பயன்பாட்டுப் பிரிவில் விடுபட்டதைச் சேர்ப்பது எளிது. குறியீட்டெண், காலம்சார் தொடர்வரிசை, பாய்சான், இயல்நிலை எல்லாம் ஏற்கெனவே கையில் இருக்கும். விடுபடுபவை இரண்டு வகை. ஒன்று, மட்டு எண்கணிதம், கலவைக் கணக்கு, படகும் நீரோட்டமும், குழாயும் தொட்டியும், பந்தயக் கணக்கு. வங்கித் தேர்வுக்குப் படிக்கும் அண்ணன், அக்கா யாராவது வீட்டில் இருந்தால் அவர்கள் புத்தகத்திலேயே இவை கிடைக்கும். மற்றொன்று நிதிக் கணிதம்: நிரந்தரத் தவணை, கடன்தீர் நிதி, பத்திர மதிப்பீடு, இ.எம்.ஐ., கூட்டு ஆண்டு வளர்ச்சி வீதம், தேய்மானம். பார்க்கப் பயமாக இருக்கும் இந்தப் பட்டியல் பிளஸ் ஒன் ஏழாம் அத்தியாயத்தின் தவணைத் தொகைச் சூத்திரத்திலிருந்து கிளைப்பதுதான். ஒரு லட்சம் ரூபாய் கடன், மாதம் 1 சதவீதம், 12 மாதம் என்றால், 12 தவணைகளின் தற்போதைய மதிப்பு ஒரு லட்சமாக இருக்க வேண்டும் என்று எழுதித் தவணையைக் கண்டுபிடித்தால் சுமார் 8,885 ரூபாய் வரும். இ.எம்.ஐ.க்கென்று தனிச் சூத்திரம் மனப்பாடம் செய்தவர்கள் கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டால் நின்றுவிடுவார்கள். தற்போதைய மதிப்பைப் புரிந்துகொண்டவர்கள் நிற்க மாட்டார்கள். டி-சோதனையையும் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும், நம் புத்தகம் பெரிய கூறுகளுக்கான இசட் சோதனையோடு நிற்கிறது.

அக்கவுண்ட்ஸ் குரூப்பின் பொருளியல் புத்தகம் பற்றி இரண்டு வார்த்தை. பிளஸ் ஒன்னில் நுண்ணியலும் இந்திய, தமிழகப் பொருளாதாரமும், பிளஸ் டூவில் பேரியல் என்று பிரித்திருக்கிறார்கள். க்யூட் பொருளியல் தாள் இரண்டு ஆண்டுப் பாடத்தையும் கலந்து கேட்கும். பிளஸ் ஒன்னின் கடைசி அத்தியாயம் பொருளியலுக்கான கணித முறைகள், பிளஸ் டூவின் கடைசி அத்தியாயம் புள்ளியியல் முறைகளும் பொருளாதார அளவையியலும். வகுப்பில் அவசரமாக ஓட்டப்படுகிற இந்த இரண்டும்தான் பட்டப்படிப்பை ஒத்த பகுதிகள். மற்றபடி இந்தப் பாடம் க்யூட்டில் ஒரு துறைத் தாளுக்கு உதவும், ஆர்வத்தை வளர்க்கும். இது இல்லாமல் ஃபர்ஸ்ட் குரூப்பிலிருந்து வருபவருக்கு ஆனர்ஸ் வகுப்பில் பின்னடைவு எதுவும் இருக்காது. முதல் செமஸ்டரே அரிச்சுவடியிலிருந்துதான் ஆரம்பிக்கும். கணிதம் மட்டும் அப்படி ஆரம்பிக்காது.

மொழித் தாளுக்குத் தமிழையும் எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. க்யூட்டின் 13 மொழிகளில் தமிழ் ஒன்று. வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதியில் தமிழில் வேகமாகப் படிப்பவர் ஆங்கிலத்தில் இழக்கும் மதிப்பெண்ணை இங்கே பிடிக்கலாம். கேள்வித்தாளையும் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். ஆனால் மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி. எனவே தமிழ்வழி மாணவர்கள் இதே புத்தகத்தின் ஆங்கிலவழிப் பிரதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தொடர்புப்போக்கு, அணிக்கோவை, நெகிழ்ச்சி என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கிலச் சொல்லை ஓரத்தில் எழுதிப் பழக வேண்டும். கல்லூரிப் பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கும்.

ஆக யாருக்கு எது? ஐஐடியோ பிட்ஸோ வேண்டும், அல்லது டெல்லி வேண்டும் ஆனால் தகுதி விஷயத்தில் துளியும் சந்தேகம் கூடாது என்பவருக்குத் தூய கணிதம் உள்ள குரூப். அவர் வணிகக் கணிதப் பிளஸ் ஒன் ஆறாம் அத்தியாயத்தையும் பிளஸ் டூ இரண்டாம் தொகுதியையும் இலவச இணைப்பாகப் படிக்கட்டும். பொருளியல் என்றால் என்ன என்று அந்தப் பக்கங்கள் காட்டும். இயற்பியல், வேதியியல் செய்முறையில் துளியும் நாட்டமில்லை, கணக்கில் ஆர்வம் உண்டு, பல்கலைக்கழகத்திடமிருந்து இணைப்பாடம் பற்றிய பதிலும் கையில் இருக்கிறது என்பவருக்கு அக்கவுண்ட்ஸ் குரூப்பும் வணிகக் கணிதமும் உறுதியான தேர்வு. பிடிக்காத இரண்டு பாடத்தில் இரண்டு ஆண்டைச் செலவழித்து, 600-க்கான மொத்தத்தையும் இழப்பதில் பயன் எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸோ வரலாறோ நான்காவதாக உள்ள அக்கவுண்ட்ஸ் குரூப் மட்டும் வேண்டாம். இது பொருளியல் ஆனர்ஸுக்குக் குறிவைப்பவருக்கான எச்சரிக்கை. மற்றவர்களுக்கு அந்தப் பாடங்கள் நல்லவையே. சி.பி.எஸ்.இ. பள்ளியில் படிப்பவருக்கு இந்தக் குழப்பம் குறைவு: 041 என்ற எண்ணுள்ள கணிதத்தையோ 241 என்ற பயன்பாட்டுக் கணிதத்தையோ பொருளியலோடும் கணக்குப்பதிவியலோடும் சேர்த்தே எடுக்க முடியும், க்யூட் பாடத்தின் பெயரும் அப்படியே பொருந்தும்.

நான்கு தொகுதிகளின் பி.டி.எஃப்.பும் பாடநூல் கழகத்தின் தளத்தில் தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டிலும் இலவசம். குரூப்பை முடிவு செய்யும் முன் பிளஸ் ஒன் ஆறாம் அத்தியாயத்தில் தேவை நெகிழ்ச்சிப் பகுதியை மட்டும் பிள்ளையைப் படிக்கச் சொல்லி, பயிற்சியில் ஐந்து கணக்கைப் போடச் சொல்லுங்கள். வகையிடல் தெரியாமல் சிக்கினால் முந்தைய அத்தியாயத்தைப் புரட்டட்டும். அப்படியும் வேண்டாம் என்று மூடிவைத்தால், குரூப்பைப் பேசுவதற்கு முன் பொருளியல் ஆனர்ஸ்தான் வேண்டுமா என்பதையே இன்னொருமுறை பேச வேண்டியிருக்கும். விடாமல் உட்கார்ந்து போட்டால், பள்ளி அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: வணிகக் கணிதத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, அல்லது கணக்குப்பதிவியல் ஆசிரியரே சேர்த்து நடத்துகிறாரா? குரூப் மாற்றம் வேண்டுமென்றால் வகுப்பு ஆரம்பித்த முதல் சில வாரங்களுக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு இடமும் இருக்காது, விடுபட்ட பாடத்தைப் பிடிக்க நேரமும் இருக்காது.